இரண்டு பையன்களுக்கும் ஒரே குரல்

ஆவூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் பார்த்தவர்களுக்கு சூசைராஜைத் தெரியாது. அவன் குரலைத் தெரியும். அங்கே வேஷம் கட்டி மேடையேறுகிறவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். வசனமெல்லாம் திரைக்குப் பின்னால் மைக் முன் நிற்பவர்கள் சொல்வது. இராயப்பர் என்கிற பேதுரு, யூதாஸ், பிலாத்து, இரண்டு கள்ளர்கள், எல்லாருக்கும் சூசைராஜ்தான். பிலாத்துவாக அவன் அதட்டினால் முன்வரிசையில் தூங்கும் குழந்தை விழித்து அழும். அதே ஆள், கீரனூரில் தான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில் லீவு கேட்க ஒரு வாரம் ஒத்திகை பார்ப்பான். கடைசியில் கேட்காமலே வந்துவிடுவான். அடுத்தவன் வாய் அசைந்தால் கொட்டித் தீர்ப்பான், சொந்த வாய்க்கு ஒரு வார்த்தை வராது. சில பேரைக் கடவுள் அப்படிப் படைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.

ஷெரினிடமும் அதே கதைதான். பள்ளிக்கூட டீச்சர், பாஸ்காவில் மாதாவுக்குக் குரல் கொடுப்பவள். பல வருஷமாக இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு மைக் மட்டும்தான். இவன் மனசு அவளுக்குத் தெரியும், அவள் மனசும் இவனுக்கு ஏறக்குறையத் தெரியும். இந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து ராபின் லீவில் வந்தான். மேடையில் இராயப்பராக நிற்பவன், சூசைராஜின் குரலுக்கு முகம். நல்லவன், சிநேகிதன், அதுதான் கொடுமை. வந்த கையோடு அவன் வீட்டார் ஷெரினைப் பெண் கேட்டுவிட்டார்கள்.

மாதா திருவிழாவுக்கு இந்த வருஷம் இளைஞர் மன்றம் ஒரு பழைய படம் போடுவதாக இருந்தது. சினிமா பேசத் தொடங்கிய புதிதில் எந்தத் தேசத்திலோ எடுத்த சின்னப் படம். இரண்டு விடலைகள் ஒரு பெண்ணுக்காக முட்டி மோதிப் புரளும் தமாஷ். அதில் பேசும் பாஷை யாருக்கும் புரியவில்லை. பாஸ்கா போடுகிற ஊருக்கு இது ஒரு பிரச்சினையா? சத்தத்தை அணைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் பேசிவிடலாம் என்றார்கள். நெட்டைப் பையன், குட்டைப் பையன் இருவருக்கும் சூசைராஜ், பெண்ணுக்கு ஷெரின்.

ஒத்திகை முடிந்த சாயங்காலம் ஷெரின் நேராகவே பேசினாள்.

"திருவிழா முடிஞ்சதும் ராபின் வீட்டுக்குப் பதில் சொல்லணும்னு எங்கப்பா நிக்கிறாரு. ஒங்களுக்கு ஏதாச்சும் சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லிருங்க. எல்லாத்தையும் நானே பேச முடியாதுங்க."

"சரிங்க டீச்சர்," என்றான். அதற்கே அவனுக்கு வேர்த்துவிட்டது.

திருவிழா அன்று பந்தலே சிரித்துக் கிடந்தது. நெட்டையன் பூங்கொத்தோடு வந்தால், குட்டையன் அதை ஆட்டுக்குத் தின்னக் கொடுத்தான். "அவ எனக்குத்தான்டா!" "போடா, கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா?" என்று தனக்குத்தானே சண்டை போட்டான் சூசைராஜ். முன்வரிசையில் ராபின் விசிலடித்தான்.

படம் முடிகிற கட்டம் வந்தது. குட்டையன் கிழிந்த கால்சட்டையோடு அவள் வீட்டு வாசலில் நிற்கிறான். பெண் அவனையே பார்க்கிறாள். பேச்சில்லை, வெறும் பார்வைதான். ஷெரின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு இவன் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லுங்க."

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. அவன் வாயைத் திறக்கவும், திரையில் நெட்டையன் கார் கதவைத் திறந்து வாயசைக்கவும் சரியாக இருந்தது. அசைகிற வாயை ஊமையாக விடுவது பாஸ்காக்காரர்களுக்குச் செத்த வீட்டில் சிரிக்கிற மாதிரி. சூசைராஜ் அவள் கையை மைக்கிலிருந்து எடுத்துவிட்டு, நெட்டையன் குரலில், "வா கண்ணு, வண்டில ஏறு!" என்றான். அத்தனை வருஷத்தில் அவள் கையை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை.

திரையில் பெண்ணின் வாய் அசைந்தது. ஷெரினும் சொல்லியாக வேண்டும்.

"சரி வாங்க, போவோம்," என்றாள். கூட்டம் கைதட்டியது.

ராபின் ஓடிவந்து, "மாப்ள, பின்னிட்டடா!" என்று கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். ஷெரின் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க அப்படிப் பண்ணுனீங்க?"

"அவன் வாயி அசைஞ்சுருச்சுங்க டீச்சர்."

"ஒங்க வாயி எப்பங்க அசையும்?"

அசையத்தான் செய்தது. சத்தம்தான் வரவில்லை. எனக்கு யாராவது குரல் கொடுக்க மாட்டார்களா என்று அவனுக்கு அழுகை முட்டியது. திரையாகக் கட்டிய வெள்ளைத் துணியை அவன் அவிழ்த்து மடித்து வைக்கும் வரைக்கும் அவள் காத்திருந்தாள். பிறகு அப்பா நின்ற பக்கம் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்தார்கள். கோயிலில் அறிக்கை வாசிப்பது, குரல் நன்றாக இருக்கிறதென்று சாமியார் சூசைராஜிடம் ஒப்படைத்திருந்த வேலை. ராபின் பெயரையும் ஷெரின் பெயரையும், அவரவர் தாய் தகப்பன் பெயரோடு வாசித்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஷெரின் தலை நிமிர்ந்து அவனையே பார்த்தாள்.

"இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று கேட்டது.