எந்தப் பக்கம் ஓடுனீக?

டம்ளரை வாங்க நீளுகிற கையைத்தான் பாண்டிச்செல்வி முதலில் பார்ப்பாள். முழங்கை வரைக்கும் ஒரு பார்வை ஓடும். பிறகுதான் முகம். விஸ்வநத்தத்தில் சாயங்காலம் அவள் கடையில் பருத்திப்பால் குடிக்க வருகிற ஆம்பளைகளுக்கு இது பழகிப்போயிற்று. புதுசாக வருகிறவன்தான், கையில் என்னவோ ஒட்டியிருக்கிறதாக்கும் என்று துடைத்துக்கொள்வான்.

பால் பாதி இறங்கியதும் கேள்வி வரும். "சேமியாக் கம்பெனி வெடிச்ச அன்னைக்கு நீங்க எந்தப் பக்கம் ஓடுனீக?"

எல்லாரும் கிழக்கே என்றுதான் சொல்வார்கள். அந்த ஊரில் டமார் என்று கேட்டால் கால் தானாகப் பட்டாசு ஆலைக் காட்டைப் பார்த்துத் திரும்பும். வீட்டுக்கு ஒருத்தியாவது அங்கே வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர். அன்றைக்கும் அப்படியே ஓடினார்கள். ஆம்புலன்சும் அங்கேதான் போனது. ஆலையில் இருந்தவர்களோ, நம்ம ஷெட்டுதான் போச்சு என்று வெளியே ஓடிவந்து, எதிரே வருகிற ஊரைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். வெடித்தது ஊருக்குள்ளே, சேமியா அவிக்கிற பாய்லர். கரும்புகை கிடையாது, வெறும் ஆவி. தின்கிற பண்டம் செய்கிற இடம் வெடிக்குமென்று யாருக்குத் தோன்றும்?

"வேப்பமரம் பூராம் சேமியா. காக்காய்க்கு விருந்து" என்பார் ஒருத்தர். "கரண்டுக் கம்பியில நூல் காயப்போட்டாப்புல தொங்குச்சே" என்பார் இன்னொருத்தர். "நான் வேட்டி அவுந்தது தெரியாம ஆலை வரைக்கும் ஓடிட்டேன்" என்று ஊர்க்காவலன் என்கிறவன் சொல்ல, "நாங்க பாத்தோம்ல" என்று பத்துப் பேர் சிரிப்பார்கள். அவனே அவளைச் சீண்டவும் செய்வான். "ஏத்தா, நீ பருத்திப்பால் விக்கிறியா, கேசு விசாரிக்கிறியா?"

கேசுதான். பாய்லருக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவன் அவள் புருசன் மொக்கைச்சாமி. யாரோ அவனை ஆவிக்குள்ளிருந்து இழுத்து வந்து, வேப்பமரத்தடியில் குப்புறக் கிடத்தி, நனைத்த சாக்கைப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். ஊர் திரும்பி வரும்போது பக்கத்தில் ஆளில்லை. ஒருத்தனும் நான்தான் என்று வரவில்லை. மொக்கைச்சாமி இன்றைக்குக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து பருத்திக்கொட்டை ஆட்டுகிறான். காது பாதிதான் கேட்கும். அவனுக்கு ஞாபகம் இருப்பது ஒரே ஒரு குரல். "சகல, கண்ணத் தொறக்காத."

இந்தச் சொல்லை மட்டும் பாண்டிச்செல்வி வெளியே விட்டதில்லை. விட்டால் ஆளாளுக்குச் சகலை ஆகிவிடுவார்கள். சகலை என்றால் அவளோடு பிறந்தவளைக் கட்டியவன். அவளுக்கோ உடன்பிறப்பு கிடையாது. பெரியப்பன் சித்தப்பன் மக்கள் வழியில் முறை பார்த்தால் ஊரில் இரண்டே பேர். ஒருத்தன் ஊர்க்காவலன். அவன் வேட்டி போனதற்கு ஊரே சாட்சி. இன்னொருத்தன் காளீஸ்வரன், சித்தப்பா மகள் ரோஜாவின் புருசன். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவன். கோடையிலும் முழுக்கைச் சட்டை. பருத்திப்பால் ஆகாது என்று இந்தக் கடைப் பக்கமே வரமாட்டான்.

அவனும் கிழக்கேதான் ஓடினான் என்பது ரோஜாவின் பெருமை. அப்போது அவள் புருசனோடு சண்டை போட்டு, துணிமணியை அள்ளிக்கொண்டு ஆனைக்குட்டத்தில் அப்பன் வீட்டில் இருந்தாள். ஆலை வேனில் வேலைக்கு வருவாள், போவாள். அன்றைக்கு ஆலை வாசலில் செருப்பில்லாமல், வெந்த கையோடு மூச்சிரைத்து நின்றவனைப் பார்த்தாள். அன்றே கூட நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

போன வாரம் அவளே அவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "ஒரு டம்ளர் குடிச்சா ஒண்ணும் ஆயிராது, வாங்க." பெஞ்சில் புது வேன்காரர் ஒருத்தர் குடித்துக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வி அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு வாய் மூடவில்லை, ரோஜா முந்திக்கொண்டாள்.

"அவரை ஏங்க்கா கேக்க? இந்தா இவுகளக் கேளு. எனக்காக ஓடியாரையில டிராக்டர் சைலன்சர்ல கை பட்டு வெந்துபோச்சு. பாருங்கண்ணே!" சட்டைக் கையை அவளே சுருட்டிவிட்டாள். "இவுக மட்டும் அன்னைக்கு வேற பக்கம் ஓடியிருந்தா, நான் இன்னமும் ஆனைக்குட்டத்துலதான் இருப்பேன்."

சைலன்சர் சுட்டால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வடு விழும். இது விரலிலிருந்து முழங்கை வரைக்கும் உறை மாட்டியதுபோல் வெளுத்து, மினுங்கி, சுருக்கம் விழுந்து கிடந்தது. மொக்கைச்சாமியின் முதுகில் அவள் தினமும் எண்ணெய் தடவுகிற அதே தோல்.

இங்கே இழுத்துப் போட்டுவிட்டு, சாக்கை நனைத்துப் போர்த்திவிட்டு, இந்தக் கையோடு அங்கேயும் ஓடியிருக்கிறான்.

"அக்கா கேக்குதுல்ல, சொல்லுங்க" என்று ரோஜா அவன் தோளில் இடித்தாள்.

"கிழக்கதான், மதினி" என்றான் காளீஸ்வரன். கண் பாண்டிச்செல்வியை விட்டு நகரவில்லை.

ஆட்டுரல் நின்றது. "ஆரு வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து மொக்கைச்சாமி கத்தினான்.

"ரோஜாவும் அவ வீட்டுக்காரரும்."

"சகலையா? உக்காரச் சொல்லு, உக்காரச் சொல்லு."

பாண்டிச்செல்வி எப்போதும் வலது கையால்தான் டம்ளர் நீட்டுவாள். இடது கை பானை மூடியில் இருக்கும். அன்றைக்கு மூடியைக் கீழே வைத்தாள். ஒரு டம்ளரை எடுத்து முந்தானையால் விளிம்பைத் துடைத்து, தளும்பத் தளும்ப ஊற்றினாள். அவன் முகத்தைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.