கடல் கொண்டுபோகாத புத்தகம்

அந்தப் புத்தகத்தைக் கடல் கொண்டுபோகவில்லை. கல்முனைப் பிரதான வீதியில், நான் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில், அலுமாரியின் மேல்தட்டில் அது பத்திரமாக இருந்தது. கம்ப்யூட்டருக்குள் செருகும் சர்க்கிட் கார்டை நாமே வடிவமைக்க வேண்டுமென்றால், அது செருகப்படும் ஸ்லொட்டின் எந்த உலோகக் காலில் என்ன சிக்னல், எதில் எத்தனை வோல்ட் என்று எல்லாம் சொல்லும் தடித்த புத்தகம். தொழில்நுட்பக் கல்லூரியில் என்னோடு படித்த காரைதீவு நண்பன் இரவல் தந்தது. இரவல் பொருளையும் நாங்கள் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள், என்போம். என் விஷயத்தில் அது வாய்ப்பேச்சோடு சரி.

சுனாமிக்குச் சில மாதங்களுக்குப் பிறகு அவன் அதைக் கேட்டான். கொடுக்க மனம் வரவில்லை. சாய்ந்தமருதில் என் வீடு அள்ளுண்டு போனது உண்மைதான். "புத்தகமும் கடலோட போயிட்டு மச்சான்" என்றேன். அவனுடைய ஐந்து வயது மகள் அதே கடலில்தான் போனாள், உடல்கூடக் கிடைக்கவில்லை. "விடு மச்சான், நீ தப்பினதே போதும்" என்று என் தோளைத் தட்டினான். அஸ்தஃபிருல்லாஹ்! அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வருஷம் போன் எடுத்தான். நிந்தவூர் அரிசி ஆலையில் நெல் நிறுக்கும் மேடை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதன் கார்ட் எரிந்துவிட்டது, இப்போது எங்கும் வாங்க முடியாது, புதிதாகச் செய்து தருவதாக இவன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

"நெட்டுல அந்த ஸ்லொட்டுக்கு ரெண்டு படம் கிடக்கு, ஒண்டுக்கொண்டு மாறிக் கிடக்கு. நீ அந்தப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவன். ஏதும் ஞாபகம் இரிக்கா?"

"யோசிச்சுப் பாக்கன்" என்றேன்.

அலுமாரியைத் திறந்து, பக்கத்தைப் பார்த்து, கொப்பித் தாளில் கையால் வரைந்தேன். அறுபத்திரண்டு காலும் சரியாக இருந்தால் யார் நம்புவார்? ஞாபகத்தில் எழுதியதுபோல் தெரிய வேண்டுமென்று சில குறிப்புகளை வேண்டுமென்றே விட்டேன். என் கெட்டித்தனத்தைப் பாருங்கள்! எந்தக் கால் வரிசை கார்டின் எந்தப் பக்கத்தில் வரும் என்பதும் விட்டவற்றில் ஒன்று. அவன் ஊகித்துச் செய்தான், பக்கம் மாறிப்போயிற்று. பன்னிரண்டு வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போய், ஆலைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டும் செத்தது.

"உன்னில பிழை இல்ல மச்சான்" என்றான் போனில். "இத்தனை வருஷத்துக்குப் பிறகு இவ்வளவு ஞாபகம் வச்சிருந்ததே பெரிசு. நான்தான் அவசரப்பட்டுட்டன்."

அன்று பின்னேரமே புத்தகத்தோடு காரைதீவுக்குப் போனேன். வாசலிலேயே நீட்டினேன். வாங்கிப் புரட்டினான். ஒரு தாளிலும் தண்ணீர் பட்ட அடையாளம் இல்லை.

"கடையிலதான் இருந்த. உனக்குப் பொய் சொல்லிட்டன்" என்றேன். அவன் ஏச வேண்டும், அடித்தாலும் நல்லது என்றிருந்தது எனக்கு. அவனோ மனைவி எங்கே என்று வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தான்.

"சத்தமாக் கதைக்காத. இது கடல்ல போனதெண்டு அவளுக்கும் தெரியும். திரும்பி வந்திட்டெண்டு கண்டா, பிள்ளையும் வருமெண்டு திரும்பவும் காத்திருக்கத் தொடங்கிருவா."

அவன் மனைவி தேத்தண்ணியோடு வந்து, அது என்ன புத்தகம் என்று கேட்டார்.

"கடல்ல போனதுக்குப் பதிலா இவன் வேற ஒண்டு வாங்கி வந்திரிக்கான்" என்றான்.

"இந்தக் காலத்துல இதுக்கு எங்கெல்லாம் தேடித் திரிஞ்சீங்களோ அண்ணன், பெரிய மனசு உங்களுக்கு" என்று சொல்லி, முதல் கோப்பையை என் கையில் தந்தார்.