பிரசவத்தன்று நான் விட்ட நோன்பு

இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் நான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாததுதான் காரணம் என்றார் டாக்டர். மூன்றாவது தங்கியபோது சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. வேளாவேளைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டேன். அது போதாதென்று, வலி கண்டதிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை பச்சைத்தண்ணீர் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை என்று மாரியம்மாவிடம் வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பிடிவாதம் எனக்கு.

போன மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஊசி போட்டுவிட்டுக் கூழ் கரைக்கும்போதே வலி வந்துவிட்டது. கூழைத் தொடவில்லை. மலைமேல் இருக்கிற எங்கள் நெல்லிவாசலிலிருந்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு ஜீப் இறங்கியது. வழியெல்லாம் பனி. மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசைந்தன. மஞ்சள் சேலையில் ஒருத்தி கூடவே வந்தாள். ஜீப் ஓடுகிறது, அவள் நடக்கிறாள், ஆனால் பின்தங்கவில்லை. உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. சுகமாகக்கூட இருந்தது. அது சர்க்கரை இறங்கிய மயக்கம் என்று பிறகு டாக்டர் சொன்னார். இருக்கட்டும், நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை வெறும் ஐம்பத்திரண்டு.

"இன்னாம்மா சாப்ட்ட?"

"நோன்புங்க. புள்ள பொறக்கற வரைக்கும்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கினேன்."

குளுக்கோஸ் தண்ணீரை நீட்டினார். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"ஊசி போட்டுக்கினு பட்டினி கெடந்தா மயங்கிப் பூடுவ. அப்புறம் புள்ளய யாரு பெக்கறது?"

குடித்தால் வேண்டுதல் போச்சு. குடிக்காவிட்டால் பிள்ளையே போய்விடுமோ? நான் இன்னா செய்யட்டும், சொல்லும்மா என்று மனசுக்குள் கதறினேன். என் வீட்டுக்காரர் டம்ளரை வாங்கினார். கோயிலுக்கு வரவே சோம்பல்படுகிற மனுஷன் அவர். வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மாரியாத்தா, இவ நோன்ப நான் எடுத்துக்கறேன். புள்ள பொறக்கற வரைக்கும் நான் துன்ன மாட்டேன். இவ குடிக்கட்டும்."

மாரியம்மாதான் அவர் வாயால் எனக்குப் பதில் சொன்னாள். அழுதுகொண்டே குடித்தேன். கொஞ்ச நேரத்தில் பனி விலகினது மாதிரி எல்லார் முகமும் தெரிந்தது.

அப்புறம் மணிக்கொரு தரம் குத்திப் பார்த்தார்கள். ஒரு பக்கம் குளுக்கோஸ் ஏறியது. தேவைப்பட்டபோது மட்டும் இன்சுலின். எனக்குச் சர்க்கரை ஏறினால் பிறந்ததும் பிள்ளைக்கு இறங்கிவிடுமாம். மத்தியானம் பெண் பிறந்தாள். உடனே பால் கொடுக்கச் சொன்னார்கள். அவள் குதிகாலில் குத்திப் பார்த்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சரியாக இருந்தது.

இப்போது கோயிலுக்கு எனக்கு முன்னால் அவர் கிளம்புகிறார். அக்கா தங்கச்சிமாரே, உங்களில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் நோன்பு இருப்பதற்கு முன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அம்மா கோபிக்க மாட்டாள். நம்பி அவள் காலைப் பிடியுங்கள். நான் பாதியில் விட்ட நோன்புக்கு அவள் முழுசாக ஒரு பிள்ளையைக் கொடுத்தாள்.