நார்மல் என்று எழுதிய ஐந்து தாள்கள்

கேரளத்து வெள்ளறடையில் ரப்பர் பால் வெட்டுகிற சரசம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு, எடை நாற்பத்திரண்டு கிலோ. பத்து வருடமாக பிரஷர் உண்டு, முழங்கால் முட்டுவலியும் உண்டு. ஆனால் அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். அண்ணன் சுயம்பு சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கிடந்து இரண்டே வருடத்தில் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு நாளும் கூட இருந்து பார்த்தவள் அவள். அந்தக் கட்டிலில் தான் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அதனால் ரத்தம் சோதித்துப் பார்ப்பதில் அவள் சோம்பியதே இல்லை. பால்வெட்டு இல்லாத மழைநாளில் நெய்யாற்றின்கரை டாக்டரிடம் பஸ் ஏறிப் போவாள். தங்கை வீட்டுக்குப் போகும்போது எல்லையிலுள்ள பனச்சமூடு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்து டாக்டரிடம் காட்டுவாள். ஆனால் அங்கே எடுத்த தாளை இங்கே காட்டமாட்டாள். இங்கே எடுத்ததை அங்கேயும் காட்டமாட்டாள். காட்டினால் தங்களை நம்பவில்லை என்று டாக்டர்மார் வருத்தப்படுவார்களாம். ஆகவே வீட்டில் இரண்டு பை, இரண்டிலும் நார்மல் தாள்கள்.

போன ஆனி மழையில் ஓடு ஒழுகி இரண்டு பையும் நனைந்தன. சரசம்மா தாள்களைக் கட்டிலில் விரித்துக் காயவைத்தாள். அப்போதுதான் முதல்முறையாக ஐந்தையும் தேதி வாரியாக அடுக்கினாள். அண்ணனின் தாள்களில் பார்த்துப் பழகிய, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற வரியில் விரலை ஓட்டினாள். 0.6, 0.7, 0.8, 0.9, 1.0.

"ஷெமி, இங்க வா. ஏறிட்டே வருது பாரு."

மகள் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் நார்மல்னு தானே போட்டிருக்கு? ஒண்ணு புள்ளி ஒண்ணு வரைக்கும் போலாம்னு பக்கத்துலயே அச்சடிச்சிருக்கே. இனி அம்மைதான் டாக்டர் ஆக்கும்!"

"மரத்துல பால் கொறையுதது ஒரு நாள் பால் வடியுத சிரட்டையப் பாத்தா தெரியுமா மக்கா? இந்த டாக்டருக்குப் பாதி தெரியும், அந்த டாக்டருக்கு மிச்சம் தெரியும். முழுசும் மறைச்சு வச்சது நானாக்கும்."

மறுநாள் இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போனாள். டாக்டர் ஸ்மிதா ஐந்து தாளையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். வருத்தப்படவில்லை, முகம் மட்டும் இறுகியது.

"சேச்சி, இந்த கிரியாட்டினின் தசையில இருந்து வாறது. உங்க உடம்புல தசை எங்க இருக்கு? மெலிஞ்சவங்களுக்கு சிறுநீரகம் தளர்ந்தாலும் இது கொறச்சுத்தான் காட்டும்."

தசையை அதிகம் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும், மூத்திரத்தில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் முடிவு வந்தது. சிறுநீரகங்கள் ஏறக்குறையப் பாதிதான் வேலை செய்தன. புரதமும் கசிந்தது.

"மெஷினா?" என்றாள் சரசம்மா.

"இல்ல. இப்படியே விட்டா அங்க போகச் சாத்தியம் கூடுதல்னு சொல்லுத தாள் இது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாத்துதான் உறுதி சொல்லணும். அதுபோகட்டு, முட்டுவலிக்கு என்ன மாத்திரை கழிக்கீங்க?" அந்தப் பக்கத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது.

சரசம்மா இரண்டு பையிலிருந்தும் ஒவ்வொரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தாள். இரண்டு டாக்டர்மாரும் ஐந்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தவை. பழைய அட்டையைக் கடையில் காட்டி வருடக்கணக்காக வாங்கியவை.

"பேருதான் வேற, ரெண்டும் ஒரே வகை! இரட்டிப்பா கழிச்சிருக்கீங்க. சிறுநீரகத்த அரிக்குத வலிமாத்திரை இது."

"கழிச்சேன். இனி இல்ல," என்று அட்டைகளை அங்கிருந்த குப்பைக் கூடையில் போட்டாள்.

சொன்னபடி நடந்தாள். தினம் வெட்டும் முந்நூறு மரத்தை நூற்றைம்பதாக்கினாள். உப்பைக் குறைத்தாள். பிரஷர் மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. தமிழ்நாட்டுப் பக்கத்து டாக்டரிடமும் போய் எல்லாத் தாளையும் காட்டிவிட்டு வந்தாள். முதல் மாதம் முட்டுவலியில் படியிறங்கவே பல்லைக் கடித்தாள்.

"ஒரு மாத்திரை போட்டா என்னம்மா?" என்று ஷெமிக்கே பொறுக்கவில்லை.

"வலிக்கட்டு. முட்டு வலிச்சு எவளும் செத்ததில்ல."

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்தாள். டாக்டர் முடிவைப் பார்த்தார்.

"நோய் உண்டு, சேச்சி. அது உறுதி. ஆனா மேல போகல்ல, நிக்குது. புரதம் கொறைஞ்சிருக்கு. போன பாதி திரும்பி வராது, கேட்டீங்களா?"

"போனது போகட்டு," என்றாள் சரசம்மா. "இருக்கத நான் விடமாட்டேன். அடுத்த ரத்தம் எப்ப எடுக்கணும்?"