சும்மா வந்த சமையல் வகுப்பு

யாராவது ஒன்றைச் சும்மா தருகிறார்கள் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு இத்தாலியின் பலெர்மோவில் இருந்த தங்கையிடம் போனபோதும் அப்படித்தான். அவள் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு சின்யோராவின் வீட்டில் வேலை செய்தாள். அந்த அம்மா சுற்றுலா வருகிறவர்களுக்குத் தன் குசினியில் சிசிலியச் சமையல் வகுப்பு நடத்துபவர். "உன் அக்காவையும் கூட்டி வா, காசு வேண்டாம்" என்று சொல்லியிருந்தாராம்.

"ஏனாம்?" என்று கேட்டேன்.

"சும்மாதான். ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வேலை போனால் அவளுடைய பெர்மெஸ்ஸோவும், அதுதான் அங்கே இருப்பதற்கான அனுமதி, போய்விடும். வேலை இருக்கிறது என்று சின்யோரா எழுதிக் கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது: இளையவளைக் கழற்றிவிட்டு மூத்தவளை வைக்கப் பார்க்கிறாள். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டுதான் போனேன்.

வகுப்பில் என்னோடு நான்கு ஜெர்மன்காரர். அன்று கப்பொனாத்தா. கத்தரிக்காயைப் பொரித்து, செலரி, ஒலிவ் காய், தக்காளி, வினாகிரி, சீனி எல்லாம் சேர்த்துப் பிரட்டுகிற கறி. அவர்கள் பலகையில் வைத்து அளந்து அளந்து வெட்டினார்கள். நான் காயைக் கையிலேயே பிடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் வெட்டிப் போட்டேன். நான் அழுக்காக்கிய பாத்திரங்களை என் தங்கை கழுவிக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்யோரா மற்றவர்களை விட்டுவிட்டு என் கையையே பார்த்தார். பிறகு தங்கையிடம் ஏதோ கேட்டார்.

"அங்கை உங்களோடை ஆர் இருக்கினமெண்டு கேக்கிறா" என்றாள் தங்கை.

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு."

நான் சொன்னது மூன்று சொல். அவள் இத்தாலியனில் முப்பது சொல் சொன்னாள். என் சந்தேகம் இன்னும் கூடியது.

அந்த வீட்டில் உப்புப் பார்ப்பது என் தங்கைதான். எச்சில் கரண்டி வேண்டாமென்று அவள் உள்ளங்கையை நீட்டுவாள், சின்யோரா அதில் துளி வைப்பார். அன்று கரண்டி அவளைத் தாண்டி என்னிடம் வந்தது. "சாலே?" என்றார், உப்பு எப்படி என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை நீட்டி வாங்கி நாக்கில் வைத்தேன். உப்பு குறைவு, சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"திறமாயிருக்கு, உப்புக் காணுமெண்டு சொல்லு" என்றேன், உப்புப் போதும் என்று வேண்டுமென்றே.

தங்கையின் முகம் செத்துப்போனது. சின்யோரா உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினார். அதன்பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. இனி என்னை எதற்கும் எடுக்கமாட்டாள் என்று எனக்கு உள்ளூரப் பெரிய திருப்தி.

கபோ சந்தை வழியாகத் திரும்பி நடந்தோம். மீன் கடைக்காரர்களின் கூச்சல் முடிகிற இடத்தில் தங்கை கேட்டாள்.

"உப்புக் குறைவெண்டு உங்களுக்கு விளங்கேல்லையோ அக்கா?"

"விளங்கினது. உன்ரை வேலையைப் பறிக்க நான் இஞ்சை வரேல்லை."

அவள் நின்றுவிட்டாள். "ஆர் பறிக்கிறது? சின்யோராவின்ரை தமக்கை தன்ரை வீட்டுக்குச் சமைக்க ஆள் தேடுறா. நான்தான் உங்களைச் சொன்னனான். உப்பைக் குறைச்சுப் போட்டதே உங்களைச் சோதிக்கத்தான்."

"எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் வந்திருப்பியளோ? அங்கை தனியக் கிடக்கிறியள். பக்கத்திலை இருந்தால் நல்லாயிருக்குமெண்டு நினைச்சன்."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். சந்தைப் பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பருப்பு வைத்தாள். இறக்குமுன் அகப்பையோடு என் முன்னால் வந்து நின்றாள். நான் உள்ளங்கையை நீட்டினேன்.

"உப்புக் காணுமோ? இந்த முறை பொய் சொல்லாதையுங்கோ."

நாக்கில் வைத்தேன். அவள் முகத்தையே பார்த்தேன். உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.