பெரிய வியாழன் தண்ணீர்

வில்லியனூர்ச் சாலைப் பக்கம் இருந்த எங்கள் சின்ன மாதா கோயிலில், பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். பன்னிரண்டு பேரும் ஊர்த்தெருக்காரர்கள்தான். சேரிக்காரர்களான நாங்கள் இடது பக்கம் நின்று பார்ப்போம்.

பிரெஞ்சுக்காரர்கள் போனதும் ஊர்த்தெருவில் பல குடும்பங்கள் பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டன. அந்த வருடம் அங்கே ஏழு ஆண்களே மிஞ்சினார்கள்.

"இந்தத் தடவ நம்மளத்தான் கூப்புடணும். வேற யாரு இருக்காங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவருடைய பித்தவெடிப்புக் கால்களைச் செங்கல் துண்டால் தேய்த்துவிட்டேன்.

"மெதுவாடி. சாமி கழுவறதுக்குத் தோலு மிச்சம் வேணாமா?" என்று சிரித்தார்.

சாயங்காலம் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஏழு பேர் உட்கார்ந்ததும் சாமியார் எங்கள் பக்கம் திரும்பி, "அஞ்சு பேர் வாங்க" என்றார். என் வீட்டுக்காரர் ஓரடி எடுத்து வைத்தார். உடனே அந்த ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"அவங்க உக்காந்தா நாங்க போறோம் சாமி" என்றார் அவர்களில் மூத்தவர்.

சாமியார் ஏழு பேரையும் உட்காரச் சொல்லிப் பாதங்களைக் கழுவினார். காலி நாற்காலிகளுக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக மண்டியிட்டு, வெறும் தரையில் தண்ணீர் ஊற்றித் துண்டால் துடைத்தார்.

தரைக்கு இருந்த கொடுப்பினை எங்கள் கால்களுக்கு இல்லை.

வீட்டு வாசலில் எப்போதும் குடத்தில் தண்ணீர் இருக்கும். கால் கழுவாமல் உள்ளே வந்தால் கத்துகிறவள் நான். அன்று அவர் புழுதிக் காலோடு நேராக உள்ளே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு என்றைக்குமே அவரைக் கால் கழுவச் சொன்னதில்லை.