காய்ந்த வாயும் கோயில் அரிசியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கொட்டகலைக் கடைவீதியில் மாடி வைத்துக் கடை கட்டினேன். லொறி வாங்கினேன். மகளை டாக்டராக்கினேன். ஒருத்தனும் கைகொடுக்கவில்லை. அப்படிப்பட்ட என்னை எட்டு வயதில் திருடன் என்றார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து எங்கள் ஜனங்களின் ஓட்டுரிமையை அரசாங்கம் பறித்து நாலைந்து வருஷம் இருக்கும். திருவிழா முடிந்த மறுநாள், தோட்டத்து மாரியம்மனின் கண்ணில் பதிக்கும் வெள்ளிக் கண்மலரைக் காணவில்லை. கோயில் சாவி பெரியப்பாவிடம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தீர்ப்புச் சொல்வதும் அவரே. கோயிலைக் கூட்டிப் பெருக்கிய பிள்ளைகளை, என்னையும் சேர்த்து, உட்காரவைத்து ஆளுக்கொரு பிடி பச்சரிசி கொடுத்தார். மென்று துப்ப வேண்டும். நல்லவன் வாயில் அரிசி ஈரமாய்க் குழையுமாம். திருடன் வாயில் அம்மன் எச்சிலை வற்றவைப்பாளாம்.

லயமே சுற்றி நின்றது. நான் அகப்பட்டால் எங்கள் குடும்பத்தையே கோயில் படி மிதிக்க விடமாட்டார்கள். நெஞ்சு தப்படித்தது, உள்ளங்கை நனைந்தது, வாய் மட்டும் வறண்டுபோனது. துப்பினேன். காய்ந்த தூள்.

"ஆத்தா காட்டிக் குடுத்துட்டா, பாத்தீங்களா" என்றாள் அத்தை. சொந்த அத்தை!

எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. "சாவி ஒங்ககிட்டதானே இருந்துச்சு பெரியப்பா? நீங்களும் மென்னு துப்புங்க" என்றேன். அப்பா அறைந்தார். ஆனால் கூட்டத்தின் கண் பெரியப்பா மேல் திரும்பிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் அரிசியை வாயில் போட்டார். மென்றார், மென்றார். நெற்றி வியர்த்தது. அவர் துப்பியது என்னுடையதைவிடக் காய்ந்திருந்தது.

அன்று சாயங்காலமே, கழித்துப்போட்ட மாலைக் குவியலுக்குள் கண்மலர் கிடைத்தது. பூவோடு போயிருக்கிறது. என்னிடம் மன்னிப்புக் கேட்க ஒரு நாதியில்லை. அதற்குப் பிறகு அங்கே யாரும் அரிசி மெல்லவில்லை.

பெரியப்பாதான் திருடிக் குவியலில் ஒளித்தார் என்று வெகுகாலம் நம்பினேன். மகள்தான் விளக்கினாள்: நெஞ்சுத் துடிப்பும் வியர்வையும் எச்சிலும் நம் சொல்லைக் கேட்பதில்லை, உள்ளுக்குள்ளே தானாக ஓடும் நரம்புகள் அவற்றை நடத்துகின்றன, பயம் வந்தால் அவை இதயத்தை முடுக்கும், எச்சிலைக் குறைக்கும். அன்று அவரும் என்னைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்தார் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அது இருக்கட்டும். இப்போது நீங்கள் அச்சடித்த கோயில் சிறப்பு மலரில், அந்த வழக்கத்தைப் பெரியப்பா தம் பெருந்தன்மையால் நிறுத்தினார் என்று போட்டிருக்கிறீர்கள். பெருந்தன்மையாம்! கேள்வி கேட்டவன் நான். அறை வாங்கியவனும் நான். அடுத்த பதிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.